எண்ணெய் ஏறாத வீடு

மீராசாஹிப் ஹாஜியாரின் தம்பி ஹுஸ்னி இறந்தது ஒரு கல்யாண வீட்டில். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெய்ச்சோற்றில் வைத்த கை வைத்தபடியே இருக்க, ஹுஸ்னி முன்பக்கமாகச் சாய்ந்தார். ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். நாற்பத்திநாலு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது விரலில் ஒட்டிய சோறு காய்ந்திருந்தது.

மரணம் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அதை மீராசாஹிப் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது, ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்கு நடந்தபோது பின்வரிசையில் யாரோ மெல்லச் சொன்ன சொல்.

"வாப்பாவும் இப்படித்தானே போனாரு. இந்தக் குடும்பம் தின்னே மௌத்தாகும் போல."

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஆளைத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அவனோடு ஒரு பள்ளிவாசலில் தொழ முடிந்திருக்காது. மாத்தளைக்கு அருகே பல்லேபொலைப் பக்கத்தில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த பெயர் சும்மா வந்ததல்ல. மூன்று தலைமுறையாக மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர்கள். ஈர மிளகைக் காய்ந்த மிளகோடு கலந்தார்கள் என்று ஒரு வாய் சொன்னதில்லை. வீட்டுப் பெண்களைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு எழுந்ததில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் பிணத்துக்குப் பின்னால் நடந்துகொண்டே அதன் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் அவரிடம் ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தார். "இது உங்க குடும்பத்துல ஓடுற வியாதி. எல்லாரும் கவனமா இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். தாளின் மேல் பாதியில் 'குறைக்க வேண்டியவை' என்று போட்டு ஒரு பட்டியல். கீழ்ப் பாதியில் 'சாப்பிட வேண்டியவை' என்று இன்னொன்று. மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் மீராசாஹிப் கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தாளை நேர் நடுவே வெட்டினார். மேல் பாதியைக் குசினிச் சுவரில் ஒட்டினார். கீழ்ப் பாதியை மடித்து, மார்க்கக் கிதாபுகள் வைக்கும் அலுமாரியில் போட்டார். சாப்பிட வேண்டியவை என்று ஒன்றைக் காட்டினால் அதையே வழியாக வைத்துக்கொண்டு நிலக்கடலையில் தொடங்கிப் பொரியலில் முடிப்பார்கள் என்பது அவர் கணிப்பு. குறைப்பது என்பதும் அவருக்குப் பிடிக்காத சொல். ஹராமை யாரும் குறைப்பதில்லையே, விடுகிறோம்.

அன்றே எண்ணெய்ப் போத்தல்கள் வெளியே போயின. நெய், மாஜரின், முட்டை, எல்லாம் போயின. தோட்டத்தில் எட்டுத் தென்னை நின்றன. தேங்காய்கள் விலைக்கு லொறியில் ஏறின. தேங்காய்ப்பால் விடாத பருப்பு, தாளிக்காத கீரை, தண்ணீரில் அவித்த கோழி நெஞ்சு. மீன் என்றால் கொழுப்பில்லாத வெள்ளை மீன். சாளை மீன் எண்ணெய் மீன் என்று அதையும் நிறுத்திவிட்டார்.

"கறிக்குப் பால் ஊத்தாட்டி என்னங்க ருசி?" என்று அவர் மனைவி ஸரீனா ஒரு தடவை கேட்டாள்.

"ருசி பாத்துத்தான் ஹுஸ்னி போனான்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவருடைய ஒரு சொல்லுக்கு மறு சொல் கிடையாது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஸுஹைல், மாத்தளை டவுனில் கடையைப் பார்ப்பவன். இளையவள் நிப்லா, இருபத்திரண்டு வயது. டவுனில் முன்பள்ளி ஆசிரியைக்கான டிப்ளோமா படித்தாள். காலை பஸ்ஸில் போய் அஸர் தொழுகைக்கு முன் வீடு வந்துவிடுவாள். ஹுஸ்னி சாச்சா என்றால் அவளுக்கு உயிர். அவர் போனபின் நாற்பது நாள் யாரோடும் பேசாதிருந்தவள். வாப்பா சுவரில் தாளை ஒட்டியபோது பின்னால் நின்று, மேல் மூலையை விரலால் அழுத்திப் பிடித்தவளும் அவள்தான்.

ஒரு தடவை வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் மீராசாஹிப் சொன்னார்: "இந்த வீட்டுல என் சொல்லை அப்படியே எடுக்கிறது என் மகள் மட்டும்தான்." திரைச்சீலைக்குப் பின்னால் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த நிப்லாவுக்கு அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவரும் சொன்னார்.

ஒன்றரை வருடம் ஓடியது. மகள் மெலிந்தாள். பெண் பிள்ளை மெலிந்திருந்தால் பார்க்க அடக்கமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மாசி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டாள். முடி உதிர்ந்து குளியலறை வடிகானை அடைத்தது. அதை ஸரீனா குச்சியால் இழுத்து எடுத்தபோது ஒரு கைப்பிடி இருந்தது. பாடம் அதிகம், அதுதான் என்றார்கள்.

அதற்குள் அக்குறணையிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. துணிக்கடைக்காரர் குடும்பம், ஜெமீல் ஹாஜியாரின் இரண்டாவது மகன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த மாதம் நிகாஹ் என்று பேச்சு முடிந்தது. மீராசாஹிப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. வயிற்றைப் பற்றிப் பேசிய வாய்கள் இனி இந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசட்டும் என்று இருந்தார்.

அந்த வருட நோன்புக்கு அவருடைய மூத்த சகோதரி றுஸைனா வந்து தங்கினாள். கணவனை இழந்தவள், கண் கூர்மையானவள். ஸஹருக்கு எழும்புவதும் நோன்பு திறப்பதும் தராவீஹ் தொழுவதும் பெண்கள் எல்லோரும் ஒன்றாக. ஒரு வீட்டில் ஒன்றாக நோன்பு பிடிக்கும் பெண்களுக்குள் மறைக்க முடியாத ஒன்று உண்டு. பெண்களுக்குரிய நாட்கள் வந்தால் அவள் நோன்பு பிடிக்க மாட்டாள், தொழ மாட்டாள். பெருநாளுக்குப் பிறகு அந்த ஐந்தாறு நோன்பைக் கழாவாகப் பிடித்து நிறைவேற்றுவாள். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் யார் எத்தனை விட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம், மீராசாஹிப் முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது றுஸைனா வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒரு விசயம் செல்லணும்."

"செல்லுங்க ராத்தா."

"நிப்லா இந்தத் தடவ முழு நோன்பையும் பிடிச்சிட்டா. ஒண்ணு விடல்ல."

மீராசாஹிப்பின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! எனக்குத் தெரியும். என் புள்ள அப்படித்தான்."

"மாஷா அல்லாஹ்வா?" றுஸைனா தலையில் கை வைத்தாள். "உங்களுக்கு அறுவத்திரண்டு வயசு. ரெண்டு புள்ளைய வளத்திருக்கீங்க. ஒரு கொமருப் புள்ள மாசம் முழுக்க ஒரு நோன்பும் விடாம பிடிச்சா அது என்னன்டு நான் வாய் தொறந்து செல்லணுமா?"

அவருக்கு விளங்க நேரமெடுத்தது. வெளியே யாரோ பிறை பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"போன மாசமும் இல்ல" என்றாள் றுஸைனா, குரலைத் தாழ்த்தி. "ஸரீனாட்ட கேட்டன். அவ மழுப்புறா. படிப்பு, பலவீனம் என்டுறா. டவுனுக்குத் தனியாப் போற புள்ள தம்பி. நான் குத்தம் செல்லல்ல. கண்ணுல பட்டதச் செல்றன்."

பெருநாள் காலையில் பக்கத்து வீட்டு மபாஸா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். கருப்பட்டியும் கெட்டித் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து, மேலே முந்திரி பதித்தது. நிப்லா வேண்டாம் என்றாள். மபாஸா விடவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு இனிப்பு வேணாமா? ஒரு வாய் தின்னு புள்ள, எலும்புக்கு மேல தோல் போத்தின மாதிரி நிக்கிறா" என்று சிரித்துக்கொண்டே கரண்டியை வாயில் வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் நிப்லா பின்பக்கம் ஓடி வாந்தியெடுத்தாள். மீராசாஹிப் முன்னறையில் புதுச் சாரம் உடுத்தி உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டது. றுஸைனா அவரைப் பார்த்தாள்.

பிறகு அவர் செய்ததை அவர் வழியில் நின்று பார்த்தால் அதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் கேட்பதா? ஒரு தகப்பன் அந்தக் கேள்வியை வாயில் எடுத்தாலே பாதி மானம் போய்விடும். மாத்தளையில் டாக்டரிடம் காட்டுவதா? அஸருக்குக் காட்டினால் மஹ்ரிபுக்கு ஊரெல்லாம் தெரியும். பொறுத்திருப்பதா? அக்குறணைக்காரர்கள் தாங்களே அறிந்து முறித்தால், ஜெமீல் ஹாஜியார் முகத்தில் எப்படி விழிப்பது? அவர்கள் முறிப்பதற்கு முன் தான் முறிப்பதே மரியாதை. ஒரு நல்ல குடும்பத்தை ஏமாற்றினார் என்ற பேச்சாவது மிஞ்சாது.

பெருநாளின் மூன்றாம் நாள் அவர் டெலிபோனை எடுத்தார்.

"ஜெமீல் ஹாஜியார், இந்தச் சம்பந்தம் நடக்காது. எங்கட பக்கத்துலதான் காரணம். அதுக்கு மேல என்னைக் கேக்க வேணாம்."

"கேக்கல்ல" என்றார் ஜெமீல் ஹாஜியார். "ஆனா ஊரு கேக்குமே ஹாஜியார்."

ஸரீனா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளுடைய கையில் நெல்லிக்காய்ப் பாத்திரம் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டாள்.

"ஒரு தடவ அவளக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு தடவ."

"நீ கேட்டியா?"

"எனக்கு அவள்மேல சந்தேகம் வரல்ல. அதான் கேக்கல்ல."

"எனக்கும் வராம இருந்திச்சு" என்றார் மீராசாஹிப். "அதான் இந்த நெலம."

நிப்லா அன்று மாலை முன்னறை வாசலில் வந்து நின்றாள். தலைத்துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள். முகம் அதற்குள் சிறியதாகத் தெரிந்தது.

"எதுக்கு வாப்பா முறிச்சீங்க? நான் என்ன செஞ்சன்?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது வாப்பா."

"தெரியாட்டி உங்க மாமிகிட்டக் கேளு."

அவள் கேட்டாள். றுஸைனா சொன்னாள். நிப்லா அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. அதையும் அவர் குற்றத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார். அடுத்த நாள்களில் அவள் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், தட்டு எடுத்தாள், சலாம் சொன்னாள். கண்ணை மட்டும் உயர்த்தவில்லை. சுவரில் ஒட்டிய தாளின்படியே சாப்பிட்டாள். வகுப்புக்குப் போவதை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள்.

இதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் மிளகுச் சாக்கில் கைவிட்டு அளைந்துகொண்டே, "என்ன ஹாஜியார், நிகாஹ் தள்ளிப்போச்சாமே?" என்றார். முறிந்ததா தள்ளிப்போனதா என்று தெரிந்துகொள்ள வந்த கேள்வி. "மிளகு வாங்க வந்தீங்களா, வேற எதுவும் வாங்க வந்தீங்களா?" என்று மீராசாஹிப் கேட்டார். அந்த மனிதர் ஒன்றும் வாங்காமல் போனார்.

பெருநாள் கழித்துப் பன்னிரண்டாம் நாள் காலை, குளியலறை வாசலில் ஈரப்படியில் நிப்லா சறுக்கினாள். ஒரு படி உயரம்தான். சின்னப் பிள்ளை விழுந்தால் தூசைத் தட்டிவிட்டு எழும்பி ஓடும். வலது கையை ஊன்றி விழுந்தவளின் மணிக்கட்டு எலும்பு நொறுங்கிப்போனது. ஸுஹைல் வேனைக் கொண்டுவந்தான். "மாத்தளை வேணாம், கண்டிக்குப் போ" என்றார் மீராசாஹிப். கை தொங்கிக்கொண்டிருக்கும்போதும் ஊர்க்கண்ணைத் தவிர்க்க வேண்டியிருந்தது.

கண்டியில் எலும்பு வார்டில் இருந்த டாக்டர் பிரவீனா இளம் வயதுக்காரி; தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பேச்சு. எக்ஸ்ரேக்கு முன்னால் நிப்லாவிடம் கடைசியாக எப்போது என்று கேட்டாள். நிப்லா தகப்பனைப் பார்த்தாள். அவர் வெளியே போக எழும்பினார்.

"இருங்க வாப்பா" என்றாள் நிப்லா. வலியில் உதடு வெளுத்திருந்தது. "நீங்களும் கேளுங்க. ஏழு மாசம் டாக்டர். ஏழு மாசமா இல்ல."

"ஏழு மாசமா? உம்மாட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பலவீனம்ன்டாங்க. இரும்புக் குளிசை தந்தாங்க."

டாக்டர் சோதனைக்கு அனுப்பினாள். அரை மணி நேரம் மீராசாஹிப் வராந்தாவில் சுவரோடு நின்றார். கதிரை இருந்தது, உட்காரவில்லை. தாதி ஒருத்தி துண்டுச் சீட்டோடு வந்து, வாசலில் நின்றபடியே உள்ளே சிங்களத்தில் சொன்னாள். பிள்ளை இல்லை, எக்ஸ்ரே எடுக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸரீனா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

எக்ஸ்ரே வந்தபிறகு டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "இருபத்திரண்டு வயசுப் புள்ளயோட எலும்பு இவ்வளவு மெலிஞ்சு இருக்கக் கூடாதுங்க. நான் இன்னும் சில டெஸ்ட் எழுதுறேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க. இவங்க வீட்டுல என்ன சாப்பிடுறாங்க?"

நிப்லா தானே சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். காலையில் வெறும் ரொட்டி, தேங்காய்ப்பூ போடாதது. பகலுக்குச் சோறு, அவித்த கீரை, தண்ணீர்ப் பருப்பு, சில நாள் அவித்த கோழி நெஞ்சோ வெள்ளை மீனோ. இராவுக்கு அதே. எண்ணெய் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, கடலை இல்லை. ஒன்றரை வருடம்.

"ஒரு நாளும் மீறல்லயா?"

"இல்ல. பெருநாளைக்கு ஒரு கரண்டி வட்டிலப்பம். அது வெளியே வந்திடுச்சு."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். "யாரு இப்படிச் சாப்பிடச் சொன்னது?"

"நான்தான்" என்றார் மீராசாஹிப். நிமிர்ந்துதான் சொன்னார். "எங்க குடும்பத்துல இருதய வியாதி. டாக்டர் சொன்னாரு."

"விடச் சொன்னாரா, குறைக்கச் சொன்னாரா?"

அவர் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தார்.

"பொரிச்சதக் குறைக்கணும், திரும்பத் திரும்பக் காச்சின எண்ணெயக் குறைக்கணும், கொழுப்பு இறைச்சியக் குறைக்கணும். சரிதான். ஆனா கொழுப்பே இல்லாம உடம்பு ஓடாதுங்க ஐயா. நம்ம உடம்புல ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு சுவர் இருக்கு; அந்தச் சுவர் கொழுப்பாலதான் கட்டினது. மூளையில பெரும் பங்கு கொழுப்பு. நீங்க தினமும் கீரை குடுத்திருக்கீங்க, நல்லது. ஆனா கீரையில உள்ள ஏ விட்டமின் எண்ணெய் இல்லாட்டி உடம்புல சேராது. டி, ஈ, கே எல்லாம் அப்படித்தான். டி இல்லாட்டி எலும்புல சுண்ணாம்பு நிக்காது. அப்புறம் ஒரு பொம்பளைப் புள்ளைக்கு மாசாமாசம் வரவேண்டியத வரவைக்கிற சுரப்பு இருக்கே, அதையும் உடம்பு கொழுப்பில இருந்துதான் செய்யுது. உடம்பு என்ன நினைக்கும்? பஞ்சம் வந்திருக்கு, இந்த நேரத்துல இவளுக்குப் புள்ள வேணாம்னு நினைக்கும். கதவை மூடிடும். அந்தச் சுரப்பு நின்னா எலும்பும் சேந்து கரையும். அதான் ஒரு படியில விழுந்ததுக்கு இந்தக் கை."

"மீன்" என்றார் மீராசாஹிப் மெல்ல. "வாரத்துக்கு மூணு தடவ மீன்."

"ஆமா. சாளை, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்."

"நிலக்கடலை ஒரு பிடி. எள்ளு. நல்லெண்ணெய் அளவா."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சிருக்கே உங்களுக்கு?"

கத்தரிக்கோலால் வெட்டியபோது ஒரு தடவை கண்ணில் பட்ட வரிகள். மறந்துவிட்டதாக நினைத்திருந்தார்.

"வீட்டுல மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல்லயா?" என்று டாக்டர் கேட்டாள். "எல்லாரும் இதையேதானே சாப்பிட்டிருப்பீங்க?"

அதுவரை பேசாதிருந்த ஸரீனா வாய் திறந்தாள்.

"இல்ல டாக்டர். நான் மபாஸா வீட்டுல போய்த் தேங்காய்ச் சம்பலும் பாலாணக் கறியும் தின்னுட்டு வருவன். மகன் டவுனுல கொத்து ரொட்டி தின்னுவான், அவனோட சட்டையத் துவைக்கிறவ நான், எனக்குத் தெரியும். இவரு கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் போவாரு. பிறத்தியார் வீட்டுச் சஹனத் தள்ளக் கூடாது, அது மரியாதையில்லன்டு சாப்பிடுவாரு. நாங்க மூணு பேரும் தின்னம். இவர்ட சொல்லைக் காப்பாத்தினது இவள் ஒருத்திதான். அதனாலதான்..." மகளின் பக்கம் கையை நீட்டினாள். "அதனாலதான் இவளைப் பாத்துச் சந்தேகப்பட்டாரு."

ஸுஹைல் தரையைப் பார்த்தான். நிப்லா எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள். மீராசாஹிப் நின்ற இடத்திலேயே நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக முதுகு கூனியிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

கையைத் திறந்து தகடு வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். மாத நாள்கள் எப்போது திரும்பும் என்று கேட்டதற்கு டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடச் சாப்பிட வரலாம், ஆறு மாதமாகலாம், வருடமாகலாம். கரைந்த எலும்பு முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றாள்.

வீட்டுக்கு வந்த மாலை அவர் கிதாபு அலுமாரியைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. மடித்த கீழ்ப் பாதியைக் கொண்டுபோய் மகளின் கட்டிலில் வைத்தார். அவள் இடது கையால் விரித்து, மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"இதுவும் அந்தத் தாள்லதான் இருந்திச்சா வாப்பா?"

"ஓம்."

"நீங்களா வெட்டினீங்க?"

"ஓம்."

அவள் அதை மறுபடி மடித்தாள். ஒரு கையால் மடிப்பதற்கு நேரமெடுத்தது. அவர் உதவிக்குக் கை நீட்டவில்லை. நீட்டலாமா என்று தெரியவில்லை. தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு நிப்லா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் அவர் அக்குறணைக்குப் போனார். ஸுஹைல் கூட வருவதாகச் சொன்னான். "வேணாம், இது நான் கட்டின முடிச்சு" என்று தனியாகவே பஸ் ஏறினார். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பது மூத்தவன் கடமை. அதைக் கெடுத்தவனும் மூத்தவன்தான் என்றால், போய்ச் சொல்ல வேண்டியவனும் அவனே. ஜெமீல் ஹாஜியாரின் முன்னறையில், நீட்டிய தேநீரைத் தொடாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தம்பி, தாள், கத்தரிக்கோல், நோன்பு, சந்தேகம், எல்லாம். இன்னொரு ஆணின் முன்னால் மகளைப் பற்றி அப்படிப் பேச நேரிட்டதில் அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ஜெமீல் ஹாஜியார் சீட்டைத் தொடவில்லை. நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை.

"இத நான் பாக்கத் தேவையில்ல. உங்கட மகள் சுத்தமானவ என்டு நான் நம்புறன். என் மகனும் நம்புவான். ஆனா ஊருக்குப் பதில் செல்ல என்னால ஏலாது." பிறகு சொன்னார்: "அவளப் பெத்த நீங்களே நம்பல்லயே ஹாஜியார். மத்தவங்கள நான் எப்படி நம்பச் செல்றது?"

மீராசாஹிப் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சலாம் சொல்லி எழும்பினார்.

ஊருக்கு வந்தும் சொன்னார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்களிடம், என் மகளிடம் குறை இல்லை, குறை என்னிடம் என்று சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் தோளைத் தட்டினார்கள். ஒரு மனிதன் வந்து கேளாமலே இப்படிச் சொல்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொண்டதும் அவருக்குத் தெரிந்தது. அவரே அப்படி நினைக்கக்கூடியவர்தான்.

குசினிச் சுவரிலிருந்த தாளை ஸரீனா கிழித்தாள். பசை ஒட்டிய இடத்தில் வெள்ளை நீங்கிச் செம்மண் பூச்சு தெரிந்தது. தேங்காய் துருவும் சத்தம் அந்த வீட்டில் மறுபடி கேட்டது. நிப்லா டாக்டர் எழுதியபடி சாப்பிட்டாள்: சாளை மீன், முட்டை, ஒரு பிடி கடலை, அளவாகப் பால் விட்ட கறி. முதலில் எல்லாம் குமட்டியது. மருந்து குடிப்பது போல விழுங்கினாள். அவள் விரும்பிச் சாப்பிட்டதாக யாரும் பார்க்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பான் கொடுத்த இறைச்சியில் கொழுப்பை நீக்கி ஸரீனா சமைத்தாள். ஹுஸ்னி போனதிலிருந்து அந்த வீட்டில் சஹன் வைத்ததில்லை. அன்று மீராசாஹிப் தானே பரணிலிருந்து சஹனை இறக்கிக் கழுவி, முன்னறைப் பாயில் வைத்தார். ஸரீனா சோற்றைக் கொட்டினாள். ஸுஹைல் உட்கார்ந்தான். றுஸைனா பெருநாளுக்கு வரவில்லை. வர முகமில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள். சஹனில் நிப்லாவின் பக்கம் வெறுமையாக இருந்தது.

"நிப்லா, வா புள்ள" என்று கூப்பிட்டார்.

அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். கைக்கட்டு அவிழ்த்து ஒரு வாரம்தான். விரல்கள் இன்னும் முழுசாக மடியவில்லை.

"எனக்கு இந்தக் கையால பிசைய ஏலாது வாப்பா."

"நான் ஊட்டி விடுறன். சின்னதுல ஊட்டினதுதானே."

நிப்லா சஹனைப் பார்த்தாள். பிறகு, பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் அதைத் தாங்கியிருப்பார்.

"வேணாம் வாப்பா. எனக்குக் கரண்டி இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

உள்ளே போனாள். கரண்டி தட்டில் படும் சத்தம் சிறிது நேரம் கேட்டது, நிதானமாக, விட்டுவிட்டு.

மீராசாஹிப் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையைச் சோற்றில் வைத்தார். மனைவியும் மகனும் அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். மூத்தவர் முதல் வாய் எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. கை அங்கேயே இருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.